அரைக் குளிசை

தும்மல் நிற்கட்டும் என்று
ஒரு பிரிட்டன் போட்டேன், ராத்திரி எட்டரைக்கு.
மிளகாய் விதையை விடக் கொஞ்சம் பெரிசு, மஞ்சள்.
முப்பத்தொரு வருஷம் இந்தத் தோட்டத்துக்கு
நானே எண்ணி எண்ணிக் கொடுத்தது.

எழும்பும்போது பகல் இரண்டு மணி.
நடுவில் எப்போதோ கேத்தலை அடுப்பில் வைத்திருக்கிறேன்.
அடி கரிந்து ஓட்டை.
வாய், மாசி மாதத்துப் பீலி.
போனில் ஒரு குரல், "அப்பா, மகள் பேசுறேன்."
எந்த மகள் என்று கேட்டேன்.
எனக்கு ஒரே மகள்.

லிந்துலை ஆஸ்பத்திரியில் டொக்டர் நிலூஷி
பாதித் தமிழும் பாதிச் சிரிப்புமாகச் சொன்னாள்:
"மருந்து அதேதான் ஐயா, உடம்புதான் வேற.
ஈரல் மெதுவா, சிறுநீரகம் மெதுவா.
உள்ள வந்தது வெளிய போக லேட்.
உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாது என்று சொல்ல வெட்கம்.
தெரியும் என்று சொல்லப் பயம்.

எண்பத்தெட்டு, ஐப்பசி மழை.
ஸ்டோர் காவல்காரன் பேச்சிமுத்து
உடம்பெல்லாம் தடிப்போடு டிஸ்பென்சரி ஜன்னலில் நின்றான்.
செக்ரோலில் வயது ஐம்பத்தெட்டு.
பல்லைப் பார்த்தால் எழுபதுக்குக் கிட்ட.
காலை ஒன்று, பகல் ஒன்று, ராத்திரி ஒன்று என்றேன்.
மறுநாளே வந்தான்.
"தலையக் கீழ இழுக்குதுங்க. பாதியாத் தாங்க ஐயா."
குளிசைக்குப் பாதி கிடையாது, போ.

மூன்றாம் ராத்திரி
ஸ்டோர் படியில் வாய் திறந்து கிடந்தான்.
தூள் பெட்டி இரண்டைக் காணோம்.
விசாரணையில் துரை என் பக்கம் திரும்பினார்,
மருந்தால் இருக்குமா என்று.
"இந்தச் சின்னக் குளிசைக்கா சேர்? குடித்திருப்பான்."

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன்.
புத்தகத்தில் 'வயது வந்தோருக்கு ஒன்று' என்றிருந்தது.
வயது போனோருக்கு எவ்வளவு என்று
யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தது
அவன் மகன் தவசீலனின் த்ரீவீலில்.
பாலத்தடி வளைவு வரைக்கும் பொறுத்தேன்.
பிறகு சொன்னேன், எல்லாவற்றையும், முதுகுக்கு.
அவன் கண்ணாடியில் படிந்த பனியை
கந்தைத்துணியால் இரண்டு தரம் துடைத்தான்.
"அப்பா வாயில சாராயம் பட்டதே இல்லீங்க.
மாலை போடாமலே மாலை போட்ட மனுசன்."
அவ்வளவுதான்.
முந்நூற்றைம்பது ரூபாய் கூலி.
நானூறு கொடுத்தேன்,
ஐம்பதை எண்ணித் திருப்பிக் கொடுத்தான்.

முந்தியெல்லாம் துரை பைலைத் தூக்கி எறிவார்.
நெஞ்சு தொண்டைக்கு வரும்.
பங்களா மேட்டில் இறங்கி
ஒரு பிளேன்டீ குடிப்பதற்குள்
அது தன் இடத்துக்குப் போய்விடும்.
இப்போது அந்த ஐம்பது ரூபாய்க்கு மூன்று நாள்.
காலையில் நூற்றெழுபத்தெட்டு.
சாயங்காலம் நூற்றெண்பத்திரண்டு.
கை, தேத்தண்ணிக் கோப்பையில் தாளம் போடுகிறது.

கவ்வாத்து வெட்டினால்
இளம் செடி மூன்று மாதத்தில் தளிர்க்கும்.
கிழட்டு மலையிலும் அதே கத்தி, அதே வெட்டுத்தான்.
சில வாது அப்படியே காய்ந்து போகும்.

"ஏதும் யோசனையா ஐயா?" என்று நிலூஷி கேட்டாள்.
பிரஷர் குளிசையைக் கூட்டவா என்றாள்.
வேண்டாம், முதலில் பாதி கொடுத்துப் பாருங்கள் என்றேன்.
பாதி என்ற சொல்
என் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை.

பிளேடால் வெட்டினால் சரிபாதி வருவதில்லை.
ஒரு பக்கம் எப்போதும் பெரிசு.
சின்னத் துண்டை விழுங்கினேன்.
மற்றதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்,
ஜன்னலுக்கு வெளியே யாரும் இல்லை.
பிளேடில் ஒட்டிய தூளை நக்கினேன்.
உடனே கசந்தது.
நாக்குக்கு மட்டும் இன்னும்
பழைய வேகம்.